தொண்டைமான்: பட்டம் எப்படிக் குடும்பப் பெயர் ஆயிற்று?

புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குவது ஓர் அரண்மனையில். பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் திங்கள்கிழமைதோறும் மனுவோடு மக்கள் காத்திருக்கும் அந்த வளாகம், சமஸ்தானக் காலத்தில் தொண்டைமான் மன்னரின் ‘புதிய அரண்மனை’. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அரசு போயிற்று, அரண்மனையும் கைமாறிற்று. ஆனால், தொண்டைமான் என்ற பெயர் மட்டும் போகவில்லை. தேர்தல் சுவரொட்டிகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் அண்மைக்காலமாகச் சமூக ஊடகங்களில் உலவும் ‘வம்சாவளிப் பட்டியல்’களிலும் அது வலுவாகவே இருக்கிறது.

இந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஒரே வகையானவை. சங்க காலத்துத் தொண்டைமான் இளந்திரையனில் தொடங்கும்; முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானைத் தொட்டுச் செல்லும்; அறந்தாங்கித் தொண்டைமான்கள் வழியாகப் புதுக்கோட்டை வந்து சேரும். பெயர் ஒன்றாக இருப்பதால் குருதியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. ஈராயிரம் ஆண்டு வரலாற்றை ஒரே குடும்பத்தின் சொத்தாக எழுதிவிடும் இந்தப் பழக்கத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொண்டைமான் என்ற பெயர் எப்படி உண்டாயிற்று, யார் யாரிடம் இருந்தது, எப்போது குடும்பப் பெயராக இறுகிற்று என்பது அந்தப் பட்டியல்களைவிடச் சுவையான வரலாறு.

முதலில் சொல். தொண்டை என்பது ஒரு கொடியின் பெயர். கோவைக் கொடியே அது என்பாரும், ஆதொண்டைக் கொடி என்பாரும் உண்டு. தொண்டை நாடு, தொண்டையர் என்னும் பெயர்கள் அக்கொடியோடு இணைத்துச் சொல்லப்படுகின்றன. சோழ மன்னனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்த குழந்தை, தொண்டைக் கொடியை அடையாளமாக அணிந்து கடல் திரையில் மிதந்து வந்ததால் ‘திரையன்’ எனப் பெயர் பெற்றது என்பது பழைய உரைகள் சொல்லும் கதை. பெயருக்குக் காரணம் சொல்லவே ஒரு கதை பிறப்பது எல்லா நாட்டு மரபிலும் உள்ளதுதான். திருமுல்லைவாயிலில் முல்லைக்கொடி யானையின் காலைச் சுற்றிக்கொள்ளும் கதையிலும் ஒரு தொண்டைமான் வருகிறார். திருப்பதித் தலபுராணத்திலும் ஒரு தொண்டைமான் சக்கரவர்த்தி வருகிறார்.

கதைகளை விட்டு இலக்கியத்துக்கு வந்தால், தொண்டைமான் இளந்திரையன் காஞ்சியில் ஆண்டவன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். புறநானூற்றின் 185ஆம் பாடலும் அவன் பெயரில் இருக்கிறது. அதே தொகையின் 95ஆம் பாடல் அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது. நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த ஆயுதங்களைப் புகழ்வதுபோல், அவை போரையே காணாதவை என்று குத்திக்காட்டிய அந்த நயத்தைத் தமிழ் படித்தவர் மறந்திருக்க மாட்டார்கள்.

தொண்டைமான், அதியமான், மலையமான், சேரமான் என்ற பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘மான்’ கவனிக்கத்தக்கது. பெருமகன் பெருமானாகவும் கோமகன் கோமானாகவும் மருவியதைப் போல, இந்த ‘மான்’ என்பதும் ‘மகன்’ என்பதன் மரூஉ என்பது சொல்லாய்வாளர் கருத்து. அப்படியானால், தொண்டைமான் என்பதற்குத் ‘தொண்டை நாட்டு மகன்’ என்று பொருள் கொள்ளலாம். இங்கே ‘மகன்’ பிள்ளையைக் குறிப்பதன்று. உரிமையும் தலைமையும் உடையவனைக் குறிப்பது.

இதைப் படித்தபோது எனக்கு அயர்லாந்துக் குடும்பப் பெயர்கள் நினைவுக்கு வந்தன. தந்தைவழிக் குடும்பப் பெயர்கள் ஐரோப்பாவில் மிக முன்னதாக நிலைபெற்ற நாடுகளுள் அயர்லாந்து ஒன்று. 10, 11ஆம் நூற்றாண்டுகளிலேயே அங்கு அவை உருவாகிவிட்டன. மெக்கார்த்தி, மக்டெர்மட் போன்ற பெயர்களில் வரும் ‘மாக்’ என்றால் மகன். ஓ’பிரையன், ஓ’நீல் போன்றவற்றில் வரும் ‘ஓ’ என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். 1014இல் குளோண்டார்ஃப் போரில் மாண்ட பிரையன் போரு என்ற மன்னனின் வழியினரே ஓ’பிரையன்கள். அங்கே ‘மகன்’ என்ற சொல் ஒரு மூதாதையைச் சுட்டிற்று. இங்கே ‘மான்’ என்ற ஈறு ஒரு நாட்டைச் சுட்டிற்று. மூதாதையைச் சுட்டும் பெயர் பரம்பரைக்கு உரியது. நாட்டைச் சுட்டும் பெயரை, அந்த நாட்டில் அதிகாரம் பெறும் எவரும் சூடிக்கொள்ளலாம்.

ஆனால், அயர்லாந்திலும் எல்லாப் பெயரும் மூதாதையைச் சுட்டுவன அல்ல. அந்நாட்டின் பெருங்குடும்பங்களுள் ஒன்றான பட்லர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘பட்லர்’ என்றதும் நமக்கு வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சமையல்காரரும் ‘பட்லர் இங்கிலீஷ்’ என்ற கேலியும்தான் நினைவுக்கு வரும். ஆங்கில அரச குடும்பத்துக்கு மது பரிமாறும் உரிமை பெற்ற உயர் பதவி அது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தியோபால்ட் வால்டர் என்பவர் அயர்லாந்தின் தலைமைப் பட்லராக நியமிக்கப்பட்டார். துறைமுகத்துக்கு வரும் மதுக் கப்பல்களிலிருந்து ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் உரிமை அப்பதவியோடு சேர்ந்தது. பதவி பரம்பரையாயிற்று, பதவியின் பெயரே குடும்பத்தின் பெயருமாயிற்று. அந்த மது உரிமையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்துத்தான் அரசு திரும்ப வாங்கியது. 1391 முதல் அக்குடும்பத்திடம் இருந்த கில்கென்னி கோட்டை 1967இல் வெறும் 50 பவுண்டுக்கு ஊர் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கோட்டை மக்களிடம் போயிற்று. பட்லர் என்ற பெயர் நிலைத்தது. புதுக்கோட்டைக்காரருக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

தொண்டைமான் என்பதும் பட்லரைப் போலவே, ஒரு கட்டத்தில் அரசு கொடுத்த பட்டம். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்த சோழன் பல்லவன் அபராசிதனை வென்று தொண்டை நாட்டைச் சோழ அரசோடு சேர்த்தான். அதன் பிறகு சோழர் கல்வெட்டுகளில் அதிகாரிகளும் படைத்தலைவர்களும் மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவராயன், விழுப்பரையன், தொண்டைமான் என்ற பட்டங்களோடு வரிசையாகத் தோன்றுகிறார்கள். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு முதலிய ஆய்வாளர்கள் இந்தப் பெயர்களை ஆயிரக்கணக்கில் தொகுத்து, பெயருக்கும் பதவிக்கும் உள்ள உறவை ஆராய்ந்திருக்கிறார்கள். தோற்ற அரசின் பெயரை வென்ற அரசு தன் அலுவலர்களுக்குப் பட்டமாக வழங்குகிறது என்பதே இதில் வியப்பு. பல்லவராயன் என்ற பட்டம் பெற்றவர் பல்லவர் வழியினர் அல்லர்; பல்லவரை வென்றவனுக்குப் பணி செய்தவர். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் புகழும் கருணாகரத் தொண்டைமானையும் இந்தப் பின்புலத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கப் போரை நடத்திய அவர், முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவர். யாழ்ப்பாணத்தில் வல்வெட்டித்துறைக்கு அருகே ஓடும் தொண்டைமானாறு, உப்புக் கொண்டுசெல்ல அவர் வெட்டுவித்தது என்பது அவ்வூர் மரபு. செல்வச் சந்நிதி முருகன் கோயிலுக்குச் செல்பவர்கள் அன்றாடம் உச்சரிக்கும் பெயர் அது.

சோழர் ஆட்சி மறைந்த பின்னும் பட்டங்கள் மறையவில்லை. கொடுக்கும் பேரரசு இல்லாதபோது, வாங்கியவர்களின் வழியினரும், வாங்காதவர்களில் வலுவுள்ளவர்களும் அவற்றைத் தாமே வைத்துக்கொண்டனர். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அறந்தாங்கிப் பகுதியை ஆண்ட தலைவர்கள் தம்மைத் தொண்டைமான் என்றே கல்வெட்டுகளில் குறித்துக்கொண்டனர். அறந்தாங்கி இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதால், இரு தொண்டைமான்களும் ஒரே குடும்பம் என்று எண்ணுவது எளிது. பெயர் ஒற்றுமையைத் தாண்டி ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றைக் காட்டிய பிறகுதான் உறவு கொண்டாட வேண்டும்.

புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் குடும்ப மரபு, தம் முன்னோர் வடக்கே தொண்டை மண்டலத்தில் திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்து, கறம்பக்குடிக்கு அருகேயுள்ள அம்புக்கோயிலில் குடியேறியதாகச் சொல்கிறது. ஆவணங்களில் அவர்கள் அம்புநாட்டுக் கள்ளர் குலத் தலைவர்களாகத் தெரியவருகிறார்கள். ‘ராய’ என்ற அடைமொழி விஜயநகர மன்னர் அளித்தது என்பதும் அம்மரபுதான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுமார் 1686இல், இரகுநாத ராய தொண்டைமான் புதுக்கோட்டைப் பகுதியின் தலைமையை அடைந்தார். அவர் தங்கை காதலி நாச்சியாரை மணந்தவர் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி. அந்த உறவு தலைமைக்கு வழி திறந்தது. அதுவரை அப்பகுதியை ஆண்டவர்கள் பல்லவராயர்கள். ஒரு பட்டத்தார் போய் இன்னொரு பட்டத்தார் வந்தனர். பல்லவராயர், தொண்டைமான் என்ற இரு பட்டங்களும் ஒரே தொண்டை மண்டலத்தின் நினைவையே சுமப்பவை. காஞ்சியிலிருந்து எவ்வளவோ தெற்கே, வெள்ளாற்றங்கரையில், பழைய பல்லவ நாட்டின் இரண்டு பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்சி செய்தன.

இரகுநாத ராய தொண்டைமான் தொடங்கி 1948 வரை ஒன்பது மன்னர்கள். அவர்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் படித்தால், அதில் அரசியல் வரலாறே இருக்கிறது. ‘இரகுநாத’ என்பது தலைவரான சேதுபதியின் பெயர். ஆர்க்காட்டு நவாபின் நட்பில் ‘பகதூர்’ வந்து சேர்ந்தது. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் அடியாராகத் தம்மை அறிவித்துக்கொண்டதால் ‘பிரகதாம்பா தாஸ்’ முன்னால் நின்றது. ஆங்கில அரசு கொடுத்தது ‘சர்’. எட்டாவது மன்னரின் பெயரை முழுவதும் எழுதினால், ஸ்ரீ பிரகதாம்பா தாஸ் ராஜா சர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் பகதூர் என வரும். வடமொழியும் பாரசீகமும் ஆங்கிலமும் ஒரே பெயரில் அடுக்கடுக்காகப் படிந்திருக்க, தமிழுக்கு அதில் மிஞ்சியது தொண்டைமான் என்ற ஒரே சொல். அவர்கள் அச்சிட்ட அம்மன் காசின் ஒரு பக்கம் அம்மன். மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்து.

பெயரோடு பெருமையை மட்டும் வரவு வைப்பவர்கள் 1799ஐ மறந்துவிடக் கூடாது. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மன், புதுக்கோட்டைச் சீமைக் காட்டுப் பகுதியில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்திலிருந்து, தொண்டைமான்கள் ஆங்கிலேயருக்கும் நவாபுக்கும் துணை நின்றவர்கள். சிறு அரசு ஒன்று பெரிய போர்களுக்கு நடுவே பிழைத்திருக்க எடுத்த முடிவு அது என்று விளக்கலாம். துரோகம் என்றும் சொல்லலாம். அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஆனால், இளந்திரையனின் புகழுக்கு இன்று ஒருவர் வாரிசு என்றால், கயத்தாற்றுக்கும் அவரே வாரிசாக வேண்டும். என்னைக் கேட்டால், அந்தப் புகழும் இந்தப் பழியும் பெயரோடு கைமாறும் சொத்துகள் அல்ல.

குருதியும் பெயரும் ஒன்றல்ல என்பதற்கு அந்த அரச குடும்பத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. 1839 முதல் 1886 வரை ஆண்ட இராமச்சந்திர தொண்டைமான், தம் மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்தார். அந்தப் பேரன்தான் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். அவரைப் பெற்ற தந்தை ஒரு பல்லவராயர். இரகுநாத ராய தொண்டைமானின் காலத்தில் ஆட்சியிலிருந்து அகன்ற பட்டம், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் தத்து வழியாகத் தொண்டைமான் ஆகி அரியணை ஏறிற்று என்று ஒரு வேடிக்கைக்குச் சொல்லலாம். தந்தைவழி மட்டுமே வழி என்று வம்சாவளி எழுதுபவர்கள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

அதே மார்த்தாண்டரின் வாழ்க்கை இதன் மறுபக்கத்தையும் காட்டிற்று. 1915 ஆகஸ்ட்டில் அவர் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணை மணந்தார். புதுக்கோட்டைக்கு வந்த மணமக்களை ஆங்கில அரசு வரவேற்கவில்லை. மாலியை அரசியாக ஏற்கவும் மறுத்தது. அவருக்கு நஞ்சூட்ட முயற்சி நடந்ததாகவும் பேச்சு எழுந்தது. சில மாதங்களிலேயே இருவரும் ஆஸ்திரேலியா திரும்பினர். 1916இல் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டனர். மகள் வயிற்றுப் பிள்ளைக்குத் தத்து வழியாகக் கிடைத்த அரியணை, மன்னரின் சொந்த மகனுக்குக் கிடைக்கவில்லை. 1928இல் மார்த்தாண்டர் பாரிஸில் காலமானார். அரச குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து ஆறு வயதுச் சிறுவனான இராஜகோபால தொண்டைமானை ஆங்கில அரசு மன்னராக்கியது. நாட்டை இழந்த சிட்னிக்கு மிஞ்சியது பெயர். ஐரோப்பிய முறையில், ஊர்ப் பெயரை நடுவில் வைத்து, தொண்டைமானைக் கடைசியில் நிறுத்திய அந்தப் பெயரில்தான், எனக்குத் தெரிந்தவரை, தொண்டைமான் முதன்முதலாக முழுமையான ‘சர்நேம்’ ஆகிறது. அவர் 1984இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் மறைந்தார்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடை செய்கிறது. 1971ஆம் ஆண்டின் 26ஆவது திருத்தம் முன்னாள் மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் முடித்துவைத்தது. ராஜா, பகதூர், சர் எல்லாம் உதிர்ந்தன. தொண்டைமான் உதிரவில்லை. அதற்குள் அது பட்டம் என்ற நிலையிலிருந்து பெயர் என்ற நிலைக்கு நகர்ந்துவிட்டது. பெயரைச் சட்டம் தொடாது. அரச குடும்பத்தைச் சேர்ந்த சாருபாலா தொண்டைமான் திருச்சிராப்பள்ளி மேயராக இருந்ததும், கார்த்திக் தொண்டைமான் 2012 இடைத்தேர்தலில் புதுக்கோட்டைச் சட்டமன்ற உறுப்பினரானதும் அந்தப் பெயரோடுதான்.

கடலுக்கு அப்பால் இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. இலங்கை மலையகத் தமிழரின் தலைவராக அரை நூற்றாண்டு விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் தமிழகத்தில் பிறந்து, சிறுவனாகத் தந்தையிடம் இலங்கைக்குச் சென்றவர். புதுக்கோட்டை அரச மரபோடு அக்குடும்பத்தை இணைத்துப் பேசுவதுண்டு. 1947இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவர்களாவதைக் கண்டார். பின்னர் 1978 முதல் 1999இல் மறையும்வரை அமைச்சராக இருந்தார். தோட்டத் தொழிலாளர் ‘தொண்டா’ என்றே அழைத்தனர். அவர் பேரன் ஆறுமுகன் தொண்டமான், ஆறுமுகனின் மகன் ஜீவன் தொண்டமான் என்று இலங்கை நாளிதழ்களில் நான்கு தலைமுறையாக ஒரே கடைசிப் பெயர் தொடர்கிறது. ‘தொண்டைமான்’ அங்கே ‘தொண்டமான்’ எனக் குறுகியதும் குடும்பப் பெயர்களுக்கே உரிய இயல்பு. தமிழ்நாட்டிலேயே தங்கியிருந்தால், ஒவ்வொரு தலைமுறைக்கும் முதலெழுத்து மாறியிருக்கும்.

தமிழ்நாட்டில் ஏன் இது நடக்கவில்லை? பட்டப்பெயர்கள் இங்கே குறைவு என்பதால் அல்ல. நாவலர் ந.மு. வேங்கடசாமி நாட்டார் தம் ‘கள்ளர் சரித்திரம்’ நூலில் அச்சமூகத்தின் பட்டப்பெயர்களை நீண்ட பட்டியலாகத் தந்திருக்கிறார். வாண்டையார், சேதிராயர், மழவராயர் என்று விரியும் அவை வெறும் அலங்காரம் அல்ல. ஒரே பட்டம் உடையவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஒருவகையில் அயர்லாந்துக் குடும்பப் பெயரின் வேலையைச் செய்ய ஏற்ற பெயர்கள்தாம் இவை. ஆனால், பட்டத்தைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த இரண்டு தலைமுறைகளில் பெயருக்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் மறைந்து, தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நின்றது.

அயர்லாந்திலும் பெயர் விடுதல் நடந்தது; காரணம்தான் நேர்மாறானது. 1465ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, டப்ளினைச் சுற்றியிருந்த பகுதி ஐரிஷ்காரர்கள் ஊர், நிறம், தொழில் ஆகியவற்றின் பெயரால் ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் பலர் ‘ஓ’வையும் ‘மாக்’கையும் விட்டனர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொழி மறுமலர்ச்சி எழுந்தபோது அவற்றில் பல திரும்பி வந்தன. அங்கே பெயரைத் துறந்தது ஆள்பவரின் நெருக்கடியால், மீட்டது தன்மானத்தால். இங்கே துறந்ததே தன்மானத்தால். ஆகவே, இன்று பட்டங்களைச் சுவரொட்டியில் மீட்டெடுப்பவர்கள் அயர்லாந்தை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது.

இந்தத் துறவுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளையை அனுப்பாத ஊர் குறைவு. கடவுச்சீட்டுப் படிவத்தில் ‘சர்நேம்’ என்ற கட்டத்தில் தந்தை பெயரை எழுதுவோர் உண்டு. வெற்றாக விடுவோரும் உண்டு. என் கடவுச்சீட்டில் என் தந்தையின் பெயரே குடும்பப் பெயர். வெளிநாட்டு விமான நிலையங்களில் மறைந்த அவரைத்தான் ஒலிபெருக்கியில் அழைக்கிறார்கள். இது புன்னகைத்துக் கடக்கக்கூடியது. ஆனால், 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குப் பார்வையாளர் விசா இல்லை என்று அறிவித்தபோது, கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுத்திருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். தந்தை பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

இத்தகைய நெருக்கடிகளைக் காட்டி, ‘பட்டப்பெயரை மீண்டும் சேர்த்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது’ என்று அறிவுரை சொல்லும் குரல்கள் இப்போது கேட்கின்றன. அது தேவையற்றது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு கடவுச்சீட்டுகளுக்கு வகுத்துள்ள விதியில் குடும்பப் பெயர் கட்டாயம் இல்லை. முதன்மை அடையாளம், துணை அடையாளம் என்ற இரண்டு கட்டங்களே உள்ளன. பெயரின் எந்தப் பகுதி முதன்மை என்பதைக் கடவுச்சீட்டு வழங்கும் நாடே முடிவு செய்யலாம். ஒரே பெயர் உடையவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது. தந்தை பெயரை மட்டுமே கொண்டு ஐஸ்லாந்து மக்கள் இன்றும் உலகைச் சுற்றி வருகிறார்கள். சிக்கல் விசா அலுவலகங்களின் கணினிகளிலும் விமான நிறுவனங்களின் முன்பதிவுப் படிவங்களிலும் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகம் பேசித் தீர்க்க வேண்டிய இடம் அது.

பட்டங்களைப் பற்றி அறிய விரும்புவோருக்குப் புதுக்கோட்டையில் வேறொரு செல்வம் இருக்கிறது. 1929இல் சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலவாசகங்கள் உள்ளன. இந்த மண்ணில் யார் எந்தப் பட்டத்தோடு எந்தக் கோயிலுக்கு என்ன கொடுத்தார்கள், எந்தக் குளத்தை வெட்டினார்கள், யாருக்கு எதிராக வழக்காடினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் எளிதில் படிக்கும்படி, அரும்பொருள் விளக்கத்தோடும் ஊர்ப்பெயர் அகராதியோடும் அத்தொகுதியை மாவட்ட நிர்வாகமோ தொல்லியல் துறையோ மீண்டும் பதிப்பிக்கலாம். விலை குறைவாக இருக்க வேண்டும்.